அடங்காத பசியோடு பிறந்த நாயை வளர்ப்பது

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். ஒரே முற்றம், ஒரே கையால் சாப்பாடு. கறுப்பன் மட்டக்களப்பின் கல்லடியில், தெருவில் பிறந்த ஊர் நாய். மத்தியானம் வைக்கிற சோற்றில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை அப்படியே விட்டு மாமர நிழலில் போய்ப் படுத்துவிடுவான். பின்னேரம் பசித்தால் வந்து முடிப்பான். ரோசி லாப்ரடோர். அவளுடைய தட்டில் ஒரு பருக்கை மிஞ்சி நாங்கள் கண்டதில்லை. தன்னுடையதை முடித்த கையோடு கறுப்பனின் தட்டுக்குப் போவாள். அதுவும் முடிந்தால் குசினி வாசலில் வந்து உட்கார்ந்து, தேங்காய் துருவுகிற சத்தத்துக்குக் காத்திருப்பாள்.

அக்கா குடும்பம் கனடாவுக்குப் போனபோது ரோசி, கறுப்பனோடு சேர்ந்து எங்களிடம் வந்தாள். அப்போது அவளுக்கு நாலு வயது, நிறை 41 கிலோ. அவளுடைய எலும்பு அமைப்புக்கு 30 அல்லது 31 கிலோதான் பொருத்தம் என்று மிருக வைத்தியர் சொன்னார். படலைக்கும் விறாந்தைக்கும் இடையில் நடந்தாலே நாக்குத் தொங்கும். படி ஏறும்போது பின்னங்கால் இழுக்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள். ஒன்று, "அக்கா செல்லம் கொடுத்துக் கெடுத்துப்போட்டா." இல்லாவிட்டால், "இது சரியான சாப்பாட்டு ராமி, குணமே அப்படி." இரண்டு பேச்சும் எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா பழக்கிய கறுப்பனும் அதே வீட்டில்தான் வளர்ந்தான். அவன் ஏன் மெலிந்து, நெஞ்சும் இடுப்பும் தெரிய நிற்கிறான்?

வைத்தியர் முதலில் செய்த வேலை, வேறு நோய்கள் இருக்கின்றனவா என்று பார்த்தது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாய் திடீரென்று அதிகம் தின்னத் தொடங்கினாலோ, தின்னாமலே கொழுத்தாலோ, "இனம் அப்படி" என்று விட்டுவிடக் கூடாது. தைரொயிட் சுரப்பி மந்தமானால் நாய் சோர்ந்து போகும், முடி உதிரும், குறைவாகத் தின்றும் நிறை ஏறும். அட்ரினல் சுரப்பி மிகையாக வேலை செய்யும் குஷிங் நோயில் பசியும் தாகமும் கூடும், அடிக்கடி சிறுநீர் போகும், வயிறு தொங்கும். நீரிழிவில் நாய் நிறையத் தின்னும், நிறையக் குடிக்கும், ஆனாலும் மெலியும். குடற்புழு நிறைந்த குட்டியும் எந்நேரமும் பசியோடுதான் திரியும். இன்னொன்று மருந்து. எங்கள் பக்கத்தில் தோல் கடிக்கு ஸ்டீரொயிட் மாத்திரை கொடுப்பது சாதாரணம். பிரெட்னிசொலோன் தின்கிற நாய்க்குப் பசி பொங்கும். வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டோனும் அப்படித்தான். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ரோசியின் இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. மருந்து எதுவும் எடுக்கவும் இல்லை. கருப்பை எடுத்திருந்தார்கள், அதுவும் கொஞ்சம் காரணம்தான். கருத்தடை செய்த நாய்க்குத் தேவைப்படும் சக்தி குறைகிறது, பசியோ கூடுகிறது. ஆனபடியால் சத்திரசிகிச்சை முடிந்த கையோடு தீனைக் குறைக்க வேண்டும். (இதைக் கேட்டுவிட்டுக் கருத்தடையே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்காதீர்கள். மட்டக்களப்புத் தெருக்களில் பசியோடு அலையும் குட்டிகள் போதும்.)

அப்புறம்தான் வைத்தியர் மரபணுக் கதையைத் தொடங்கினார். அதைக் கேட்ட பிறகு நான் ரோசியைப் பார்த்த விதமே மாறியது.

உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு லெப்டின் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. மூளையின் ஹைப்போதலமஸ் பகுதியில் உள்ள சில நரம்புக் கலங்கள் அதைக் கேட்டு, பி.ஓ.எம்.சி. என்ற பெரிய புரதத்தை உண்டாக்கும். அந்தப் புரதம் துண்டுகளாக வெட்டப்பட்டுப் பல சிறிய ஹோர்மோன்கள் ஆகும். அவற்றில் சில, எம்.சி.4.ஆர். என்ற வாங்கியில் (மூளைக் கலங்களில் ஹோர்மோன் வந்து பொருந்தும் இடம்) போய்ப் பொருந்தும்போது பசி தணிகிறது, உடல் சக்தியைச் செலவழிக்கவும் துணிகிறது.

2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலினோர் ரஃபன் குழுவினர், லாப்ரடோர் நாய்கள் பலவற்றில் இந்த பி.ஓ.எம்.சி. மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த விடுபாட்டால் பீட்டா எம்.எஸ்.எச்., பீட்டா எண்டோர்பின் என்ற இரண்டு துண்டுகள் சரியாக உருவாவதில்லை. லாப்ரடோர்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிடம் இந்தக் குறை இருக்கிறது. அவற்றின் நெருங்கிய உறவான ஃபிளாட் கோட்டட் ரிட்ரீவர் இனத்தில் மூன்றில் இரண்டு பங்கு நாய்களிடம் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று மரபணு இரண்டு பிரதிகளாக வருகிறது அல்லவா? குறையுள்ள பிரதி ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 2 கிலோ அளவில் நிறை கூடுகிறது. கண் தெரியாதவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவப் பழக்கும் லாப்ரடோர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று நாய்களிடம் இது இருந்தது. தீனுக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாய்தானே பயிற்சிக்குத் தெரிவாகும்? ரோசி வந்து சேர்ந்த சில நாட்களிலேயே கை கொடுக்கவும், படுக்கவும், படலை திறந்தாலும் வெளியே ஓடாமல் நிற்கவும் பழகினாள். கறுப்பனுக்கு இன்றைக்கும் அதில் ஒன்றும் வராது. அவளுடைய கெட்டிக்காரத்தனமும் அவளுடைய பசியும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கலாம் என்று நினைத்தபோது அவள்மேல் எனக்கு இரக்கமும் மதிப்பும் சேர்ந்தே வந்தன.

அதே ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் எங்கள் வீட்டு நடைமுறையை மாற்றியது. லாப்ரடோர்களுக்குக் காலைத் தீன் கொடுத்து, மூன்று மணித்தியாலம் கழித்து, ஓட்டைகள் உள்ள மூடி போட்ட ஒளிபுகும் பெட்டிக்குள் ஒரு சொசேஜை வைத்துக் காட்டினார்கள். மணக்கும், தெரியும், ஆனால் எடுக்க முடியாது. மரபணுக் குறையுள்ள நாய்கள் மற்றவற்றைவிட விடாமல் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டின. ஆனால் வயிறு நிறையும் வரை தின்னவிட்டுப் பார்த்தபோது, குறையுள்ளவையும் இல்லாதவையும் ஏறத்தாழ ஒரே அளவைத்தான் தின்றன. அதாவது, இந்த நாய்களுக்கு வயிறு நிறைய அதிகம் வேண்டும் என்பதில்லை. தின்று முடித்த பிறகு பசி சீக்கிரம் திரும்பி வந்துவிடுகிறது. அதோடு, சும்மா படுத்திருக்கும்போது அவற்றின் உடல் ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்த சக்தியையே செலவழிக்கிறது. பசி கூட, செலவு குறைவு. இரண்டு பக்கமும் அடி.

2025இல் அதே குழு பிரித்தானிய லாப்ரடோர்களை ஆராய்ந்து, உடற்பருமனோடு தொடர்புள்ள வேறு மரபணுக்களையும் கண்டது. அவற்றில் முதன்மையானது டென்ட்1பி. அது முன்னே சொன்ன எம்.சி.4.ஆர். வாங்கியின் வேலையில் தலையிடுகிறது. மனிதரிலும் இதே மரபணு பருமனோடு தொடர்புபட்டிருக்கிறது. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. மரபில் அதிக ஆபத்துள்ள நாய்களையும், வளர்ப்பவர்கள் தீனிலும் நடையிலும் கண்டிப்பாக இருந்தால், மெலிவாக வைத்திருக்க முடிந்தது. ஆனால் அதற்கு அவர்கள் பெரும் பாடுபட வேண்டியிருந்தது. மரபில் ஆபத்துக் குறைந்த நாய்களோ, கவனம் கொஞ்சம் தளர்ந்தாலும் பெரிதாகக் கொழுக்கவில்லை. எங்கள் கறுப்பன் மெலிந்து நிற்பதற்கு நாங்கள் எந்தப் பெருமையும் கோர முடியாது. அதே கணக்கில், ரோசி கொழுத்ததற்கு அக்காவைக் குற்றம் சொல்வதும் நியாயம் இல்லை.

ரோசிக்கு மரபணுச் சோதனை செய்யவில்லை. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், காசும் வேண்டும், முடிவு எதுவாக வந்தாலும் தட்டில் விழும் அளவு மாறப்போவதில்லை. அந்தக் காசில் ஒரு நல்ல சமையலறைத் தராசு வாங்கினோம்.

தராசு வந்த பிறகுதான் எண்கள் பேசத் தொடங்கின. 30 கிலோ நாய் ஒன்று ஓய்வில் இருக்கும்போது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 900 கலோரி செலவழிக்கும். நிறை குறைக்கும்போது, போய்ச் சேர வேண்டிய நிறைக்கு உரிய அந்த அளவிலிருந்துதான் வைத்தியர்கள் தொடங்குகிறார்கள். இப்போது பாணைப் பாருங்கள். அரை ராத்தல் பாணில் 600 கலோரிக்குக் கிட்ட இருக்கிறது. காலையில் "அது பாவம், ஒரு துண்டு" என்று ஆளுக்கு இரண்டு துண்டு போட்டு அந்த அரை ராத்தலும் முடிந்தால், அன்றைய கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு அதிலேயே முடிந்துவிடும். சமைத்த சோறு 100 கிராமில் 130 கலோரி. தேங்காய்த் துருவல் 100 கிராமில் ஏறத்தாழ 350. ஒரு மாரி பிஸ்கட்கூட 25 அளவில் வரும். நொறுக்குத் தீன் எல்லாம் சேர்ந்து நாளின் கலோரியில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது மிருக வைத்தியர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு.

ஒரு எச்சரிக்கை. வழக்கமான தீனையே பாதியாக வெட்டிவிட்டால் நாய்க்குப் புரதமும் விற்றமினும் சேர்ந்தே குறைந்துவிடும். தசை கரையும், பசி இன்னும் கூடும். நாங்கள் சோற்றைக் குறைத்தோம், மீனைக் குறைக்கவில்லை. முள் எடுத்து, உப்பும் வெங்காயமும் போடாமல் அவித்த மீன். வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு, அதனால் கறிச்சட்டியை வழித்துப் போடும் பழக்கம் முற்றாக நின்றது. சோறு குறைந்த இடத்தை அவித்த போஞ்சியும் பூசணியும் கரட்டும் நிரப்பின. கலோரி குறைவு, வயிற்றில் இடம் பிடிக்கும். கல்சியமும் விற்றமினும் சேர்ந்த தூள் வைத்தியர் எழுதித் தந்தது. நிறை குறைக்கவென்று செய்யப்பட்ட பையில் வரும் தீன் வாங்க வசதியுள்ளவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். எது கொடுத்தாலும் நிறுத்துக் கொடுங்கள். கோப்பையால் அள்ளினால் அள்ளுகிற கையைப் பொறுத்து அளவு மாறும்.

பசி சீக்கிரம் திரும்பி வருகிறது என்று தெரிந்த பிறகு, ஒரு நாள் தீனை இரண்டு வேளையாகக் கொடுத்ததை நாலாகப் பிரித்தோம். மொத்த அளவு ஒன்றுதான். குசினி வாசல் காத்திருப்பு இதனால் நிறையக் குறைந்தது. தட்டில் கொட்டுவதையும் விட்டோம். தீனைத் துண்டு துண்டாக முற்றத்துப் புல்லில் வீசிவிடுவேன், மூக்கால் தேடித் தேடிப் பொறுக்குவாள். அல்லது பத்துப் பன்னிரண்டு சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்து, சிலவற்றின் அடியில் மட்டும் ஒளித்து வைப்பேன். (முடிந்ததும் சிரட்டையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதையும் கடித்து விழுங்கப் பார்ப்பாள்.) முன்பு அரை நிமிடத்தில் முடிந்த சாப்பாடு இப்போது கால் மணித்தியாலம் போகும். அவளுக்கும் களைப்பு, எங்களுக்கும் நிம்மதி. கறுப்பனுக்கு வேறு இடத்தில், கதவு சாத்தி வைக்கிறோம். அவன் மிச்சம் வைத்தால் உடனே எடுத்துவிடுவோம்.

வீட்டில் மிகக் கடினமாக இருந்தது அம்மம்மாவிடம் பேசுவது. அவர் 1990இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர். சுனாமிக்குப் பிறகும் பிள்ளைகளோடு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியவர். பசி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "பசிச்ச சீவன் வாயப் பாத்துக்கொண்டு நிக்கக்குள்ள நான் எப்பிடி மனே சாப்பிடுற?" என்று கேட்டார். அதற்கு, ரோசிக்குப் பசி இல்லை, நடிக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. அது பொய். அவளுடைய பசி உண்மையானது. "ஓம் அம்மம்மா, அவளுக்குப் பசிக்கிறதுதான். ஆனா என்ன குடுத்தாலும் அந்தப் பசி போகாது. கால்தான் போகும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மறுகா நான் என்னத்தக் குடுக்கிற?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பாதி வேலை முடிந்தது. காலையிலேயே ரோசியின் அன்றைய தீனிலிருந்து ஒரு பங்கை எடுத்து, ஒரு சின்னப் பேணியில் போட்டு அம்மம்மாவிடம் கொடுத்துவிடுகிறோம். விரும்பிய நேரத்தில், விரும்பிய மாதிரி அவர் கொடுக்கலாம். பேணி முடிந்தால் முடிந்ததுதான். கொடுக்கிற கையை நிறுத்தச் சொன்னால் இந்த வீட்டில் நடக்காது, கொடுக்கிற பொருளை மாற்றலாம்.

தெரு இன்னொரு வேலை. பாண் ஆட்டோவின் பாட்டு முனையில் கேட்டாலே ரோசி படலையில் நிற்பாள், ஓட்டிவருகிற தம்பி ஒரு பணிஸை நீட்டுவான். அவனிடம் பேசினோம், புரிந்துகொண்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கரட் துண்டுகள் கொடுத்து வைத்தோம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கும் குளிர்த்தியும் வரும்போதும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலில் சனம் கூடும்போதும், அன்னதான இலைகள் கிடக்கும் பக்கமே அவளைக் கூட்டிப் போவதில்லை. எலும்பும் இலையும் சேர்த்து விழுங்கிவிடுவாள் என்ற பயமும் உண்டு. குப்பை வாளிக்கு மூடி, குசினிக்குத் தடுப்பு, சாப்பாட்டு மேசைக்குத் தூரமாக விறாந்தையில் அவளுக்கென்று ஒரு பாய். களவெடுத்தாள் என்று அடித்துப் பயன் இல்லை. பசி அவளைத் தள்ளும், அடி அவளைப் பயப்படுத்தும், இரண்டுக்கும் நடுவில் அந்தச் சீவன் என்ன செய்யும்? களவெடுக்க ஒன்றும் கிடைக்காதபடி வைப்பது எங்கள் வேலை.

நடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தீனைக் குறைக்காமல் நடையால் மட்டும் நிறை பெரிதாகக் குறையாது. ஆனாலும் தசையும் மூட்டும் நன்றாக இருக்க நடை வேண்டும். கொழுத்த நாய் எங்கள் வெயிலில் சீக்கிரம் சூடேறிவிடும், நாய் பெரும்பாலும் மூச்சு வாங்கித்தான் உடலைக் குளிர்விக்கிறது. ஆகவே விடியற்காலையில் கல்லடிக் கடற்கரை, அல்லது பொழுது பட்ட பிறகு. முதலில் குறைந்த தூரம், ஈர மணலில். நீச்சல் மூட்டுக்கு நல்லது என்று சிலர் வாவியில் இறக்குகிறார்கள். வாவியில் முதலை இருக்கிறது, நான் இறக்க மாட்டேன். மாரிக்கு ஒழுங்கை வெள்ளத்தில் நிற்கும்போது வீட்டுக்குள் ஒளித்துத் தேடும் விளையாட்டுத்தான்.

நிறை பார்க்க, நெல் மூட்டை நிறுக்கும் தராசு உள்ள ஒரு கடைக்கார மாமாவிடம் போனோம். வாரத்துக்கு உடல் நிறையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும், அதற்கு மேல் அவசரப்படக் கூடாது என்பது வைத்தியரின் கண்டிப்பு. இடையில் நிறை அசையாமல் நின்ற காலமும் இருந்தது. உடல் சிறுத்தால் தேவையும் சிறுக்கும், அப்போது அளவைத் திரும்பக் கணக்கிட வேண்டும். அடுத்த வருட மாரி தொடங்கும்போது ரோசி 32 கிலோவில் நின்றாள். பின்னங்கால் இழுப்புப் போய்விட்டது.

தராசு இல்லாதவர்கள் கையால் பார்க்கலாம். உங்கள் கையை விரித்து, புறங்கையில் விரல் எலும்புகளைத் தடவுங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரி. மூடிய கையின் மொளிகளைப் போல் துருத்தினால் மெலிவு, உள்ளங்கையைப் போல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்க வேண்டும், பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு மேலேற வேண்டும்.

"இவ்வளவு கஷ்டப்படுத்த வேணுமா, இருக்கிற காலத்தில் தின்றுவிட்டுப் போகட்டுமே" என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்வேன். 48 லாப்ரடோர்களை, கூடப்பிறந்தவற்றைச் சோடி சேர்த்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். சோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான தீன். குறைவாகத் தின்றவற்றின் ஆயுள் இடைநிலையாக 13 வருடம், மற்றவற்றுடையது 11.2. மூட்டு வாதமும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. நாயின் வாழ்வில் ஏறத்தாழ இரண்டு வருடம் என்பது சின்னக் காலம் இல்லை.

லாப்ரடோர் குட்டி வாங்கப் போகிறவர்கள் முடிந்தால் தாயையும் தகப்பனையும் பார்த்துக் கேளுங்கள்: எப்படித் தின்னும், என்ன நிறை, மூட்டு எப்படி? குட்டி வந்த முதல் கிழமையிலேயே யார் தீன் கொடுப்பது, எந்தப் பேணியால், எத்தனை கிராம் என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து தீர்மானியுங்கள். வீட்டுக்கு வந்துபோகும் மாமிமாருக்கும் மச்சான்மாருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். குட்டி பெருத்து, எல்லாருக்கும் அதன் கண்கள் பழகிய பிறகு சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.